ஆர்ஸ் கிராமமும் அதன் பங்குத்தந்தையும்

பிரான்ஸ் தேசத்தின் லியோன் நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவில், குளங்கள் நிறைந்த டொம்ப் சமவெளியின் ஓரத்தில் ஆர்ஸ் என்னும் கிராமம் அமைந்துள்ளது. 1818ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் சுமார் 230 பேர் மாத்திரமே. களிமண் சுவர்களைக் கொண்ட சில டசின் வீடுகள், பழுதடைந்த சிறியதொரு தேவாலயம், நான்கு தவறணைகள் என்பனவே அக்கிராமத்தின் அடையாளங்களாக இருந்தன. இத்தகையதொரு குக்கிராமத்தின் பெயரைக் கத்தோலிக்க உலகம் முழுவதும் இன்றளவும் உச்சரிப்பதற்குக் காரணமானவர், அங்கு 41 ஆண்டுகள் பணியாற்றிய ஜோன் மரிய வியான்னி என்னும் குருவானவராவார். 1925 மே 31ஆம் திகதி பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். 1929இல் அவர் பங்குக் குருமாரின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். ஆண்டுதோறும் ஓகஸ்ட் 4ஆம் திகதி அவரது நினைவுநாள் அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்கு ஒரு விளக்கம் அவசியமாகும். பங்கு என்பது ஒரு தேவாலயத்தையும் அதனைச் சூழ்ந்து வாழும் விசுவாசிகளையும் உள்ளடக்கிய அலகாகும். பள்ளிவாசலைச் சூழ்ந்த மஹல்லாவை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம். ஆயினும் முக்கியமானதொரு வேறுபாடு உண்டு. பங்குத்தந்தையை மக்கள் தெரிவு செய்வதில்லை. ஆயரே அவரை நியமிக்கிறார். தமக்குரிய மக்களைத் தெரிவு செய்யும் உரிமை குருவானவருக்கும் இல்லை. ஒருவரையொருவர் கேட்டுப் பெறாத இரு தரப்பினர் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கப்படுகின்றனர். ஆர்ஸ் கிராமத்தின் கதையும் அவ்வாறே ஆரம்பமாகியது. புனிதர்களின் சரிதங்களை எழுதுவோர் முதல் நாளிலிருந்தே எல்லாம் அன்பும் கனிவுமாக இருந்ததாகக் காட்டுவதுண்டு. வியான்னியின் வாழ்க்கை அவ்வாறு இருக்கவில்லை.

1786 மே 8ஆம் திகதி லியோனுக்கு அண்மையிலுள்ள டார்டிலி கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவர் பிறந்தார். மூன்று வயதில் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர். புரட்சி அரசு விதித்த சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த குருமார் வேட்டையாடப்பட்டனர். தேவாலயங்கள் மூடப்பட்டன. வியான்னி குடும்பத்தினர் இரவு வேளைகளில் நெடுந்தூரம் நடந்து சென்று, களஞ்சியங்களில் மறைவாக நிறைவேற்றப்பட்ட திருப்பலிகளில் பங்குபற்றினர். 1799இல் எக்குல்லி என்னும் கிராமத்தின் வீடொன்றில் 13 வயதுச் சிறுவனாக அவர் முதல் நற்கருணை பெற்றபோது, உள்ளே எரிந்த மெழுகுவர்த்திகளின் வெளிச்சம் வெளியில் தெரியாதிருக்க யன்னல்கள் அடைக்கப்பட்டு, அவற்றின் முன்னால் வைக்கோல் வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்தன. தலைமறைவாக வாழ்ந்து உயிரைப் பணயம் வைத்த குருமாரே அவர் கண்ட முதற் குருமார். பிற்காலத்தில் தம்மையும் தமது மக்களையும் அவர் எந்த அளவுகோலால் அளந்தார் என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது.

பாடசாலைக் கல்வி அவருக்கு மிகச் சொற்பமே கிடைத்தது. குருவானவராக வேண்டும் என்ற விருப்பத்துடன் 1806இல், 20 வயதில், எக்குல்லியின் பங்குத்தந்தையான அருட்தந்தை சார்ள்ஸ் பாலே நடத்திய சிறு பள்ளியில் சேர்ந்தார். தம்மைவிடப் பல வயது இளையவர்களுடன் அமர்ந்து இலத்தீன் இலக்கணம் பயில வேண்டியிருந்தது. இலத்தீன் அவருக்கு ஏறவேயில்லை.

1809இல் நெப்போலியனின் ஸ்பானிய யுத்தத்துக்காக அவர் படையில் சேர்க்கப்பட்டார். நோயுற்று வைத்தியசாலையில் தங்க நேர்ந்ததால் தமது படைப்பிரிவைத் தவறவிட்ட அவர், பின்னர் லே நோ என்னும் மலைக்கிராமத்தை அடைந்தார். படையை விட்டோடியோர் ஒளிந்திருந்த பகுதி அது. ஏறத்தாழ 14 மாதங்கள் அங்கு வேறொரு பெயரில் மறைந்து வாழ்ந்து, கிராமத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். 1810இல் பேரரசர் வழங்கிய பொதுமன்னிப்பும், அவருக்குப் பதிலாக இளைய சகோதரர் படைக்குச் சென்றமையுமே அவர் வீடு திரும்ப வழிவகுத்தன. இந்த அத்தியாயத்தை மூடி மறைக்க முற்பட்டோர் உண்டு. நியாயப்படுத்தி எழுதியோரும் உண்டு. தமக்காக மற்றொருவர் விலை கொடுத்தார் என்ற நினைவு அவரை விட்டு அகன்றிருக்காது என்றே கருதத் தோன்றுகிறது.

1813இல் லியோன் பெரிய குருமடத்தில் சேர்ந்த அவர், இலத்தீனில் நிகழ்ந்த விரிவுரைகளைப் பின்தொடர இயலாமல் வெளியேற நேர்ந்தது. அருட்தந்தை பாலே அவரைக் கைவிடவில்லை. பிரெஞ்சு மொழியிலேயே கற்பித்து, பரீட்சகர்களிடம் அவருக்காக வாதாடினார். புரட்சியாலும் யுத்தத்தாலும் குருமார் அருகிப் போயிருந்த அக்காலத்தில், கல்வியில் குறைந்தாலும் பக்தியில் குறையாத இளைஞரைத் திருப்பி அனுப்பும் நிலையில் மறைமாவட்டம் இருக்கவில்லை. 1815 ஓகஸ்ட் 13ஆம் திகதி கிரெனோபிள் நகரில் 29 வயதில் அவர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். லியோனிலிருந்து அங்கு நடந்தே சென்றார். பின்னர் தமது ஆசானுக்கே உதவிக் குருவாக எக்குல்லியில் பணியாற்றினார். 1817 டிசெம்பரில் பாலே காலமானார். இரண்டு மாதங்களின் பின்னர் வியான்னிக்கு ஆர்ஸ் கிடைத்தது.

அந்நியமனம் ஒரு கௌரவமன்று. ஆர்ஸ் அப்போது தனிப்பங்கு என்ற தகுதியைக்கூடப் பெற்றிருக்கவில்லை. 1818 பெப்ரவரியில், சில தட்டுமுட்டுச் சாமான்களுடன் அவர் நடந்து வந்து சேர்ந்தபோது மூடுபனி சூழ்ந்திருந்தது. வழி தெரியாது தடுமாறிய அவருக்கு ஆட்டு மந்தை மேய்த்துக் கொண்டிருந்த ஒரு சிறுவன் பாதையைக் காட்டினான். அவ்விடத்தில் இன்று ஒரு நினைவுச் சிலை உண்டு.

ஆர்ஸ் மக்கள் கொடியவர்கள் அல்லர். புரட்சிக் காலத்தில் மறைக்கல்வியின்றி வளர்ந்த ஒரு தலைமுறையினர், அவ்வளவே. ஞாயிற்றுக்கிழமைகளில் வயலில் வேலை செய்தனர். மாலையில் ஆண்கள் தவறணையில் அமர்ந்தனர். இளைஞரும் யுவதியரும் நடனமாடினர். கடவுளை அவர்கள் மறுக்கவில்லை. அவரைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. அண்டைக் கிராமங்களின் நிலையும் இதுவே.

புதிய பங்குத்தந்தை செய்த முதற்காரியம் தமது இல்லத்தை வெறுமையாக்கியதாகும். கிராமத்துச் சீமாட்டி வழங்கியிருந்த நல்ல தளபாடங்களைத் திருப்பி அனுப்பினார். மெத்தையை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பலகையிலும் தரையிலும் உறங்கினார். ஒரு பானை உருளைக்கிழங்கை அவித்து வைத்து, பூஞ்சணம் படிந்த பின்னரும் பல நாட்கள் அதனையே உண்டார். விடியுமுன் தேவாலயத்தில் முழந்தாளிட்டிருந்தார். மதிய வேளையில், குடும்பத்தினர் ஒருங்கே உணவருந்தும் நேரம் பார்த்து வீடுகளுக்குச் சென்று, விளைச்சலைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் விசாரித்தார். விவசாயியின் மகனாகையால் அந்தப் பேச்சு அவருக்கு இயல்பாகவே வந்தது. பிரசங்கமோ வேறு விடயம். பல மணிநேரம் எழுதி மனனம் செய்த உரையைப் பீடத்தின் முன் நின்று மறந்துபோய், பாதியில் இறங்கிய சந்தர்ப்பங்களும் உண்டு.

பின்னர் போராட்டம் தொடங்கியது. தவறணைகளுக்கு எதிராக அவர் கடுமையாகப் பிரசங்கித்தார். இதில் அவரது நியாயத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று. கூலிப் பணம் குடியில் கரைந்து, மனைவியும் பிள்ளைகளும் பசியில் வாடிய வீடுகளை அவர் மதிய வேளையில் நேரிற் கண்டிருந்தார். இந்த அவலத்தை அறிய நம்மவர்கள் பிரான்சுக்குச் செல்ல வேண்டியதில்லை. காலப்போக்கில் நான்கு தவறணைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

நடன விவகாரத்தில் அவரது நிலைப்பாடு இதனைவிடக் கடினமானது. நடனத்தை எல்லாப் பாவங்களுக்கும் வாயில் என்று அவர் கருதினார். அதனைக் கைவிடும்வரை இளம் பெண்களுக்குப் பாவமன்னிப்பு வழங்க மறுத்தார். திருவிழாவுக்கு வயலின் வாசிக்க வந்த கலைஞருக்கு, உரிய கூலிக்கும் கூடுதலான பணத்தைத் தாமே கொடுத்துத் திருப்பி அனுப்பிய சம்பவம் பிரசித்தமானது. 1823இல் தேவாலயத்தில் அருளப்பர் சிற்றாலயத்தை அமைத்தபோது, அந்தத் தீர்க்கதரிசியின் தலை ஒரு நடனத்தின் விலையாகவே வெட்டப்பட்டது என்பதை நினைவூட்டும் வாசகத்தை அதன் வளைவில் பொறிக்கச் செய்தார். யஹ்யா நபி என முஸ்லிம்கள் போற்றும் அதே தீர்க்கதரிசியே இவர்.

ஆறு நாட்கள் மாடாக உழைத்த ஒரு பண்ணைப் பெண்ணுக்கு, ஏழாம் நாள் மாலையில் கிடைத்த ஒரே மகிழ்ச்சியும் மறுக்கப்பட்டது. பல ஆண்டுகள் நற்கருணையின்றி விடப்பட்டோரும் இருந்தனர். இதனை அன்பின் கண்டிப்பு என்று மாத்திரம் கூறிக் கடந்துவிட முடியாது. அக்காலத்துப் பிரெஞ்சுக் குருமாரிடையே இந்தக் கடுமை பரவலாகக் காணப்பட்டது உண்மை. ஆயினும் ஆர்ஸில் அதன் பாரத்தைச் சுமந்தவர்கள், பதிலுரைக்கும் நிலையில் இல்லாத எளிய பெண்களே. வியான்னியும் வயது முதிர முதிரக் கனிந்தார். பிற்காலத்தில் பாவிகளுக்குச் சிறிய தண்டனையை விதித்துவிட்டு, எஞ்சியதைத் தாமே தவமாக ஏற்றுக்கொண்டார்.

கிராமமும் சும்மா இருக்கவில்லை. பெயரற்ற கடிதங்கள் வந்தன. அவரது வீட்டுக் கதவில் அசுத்தம் பூசப்பட்டது. கிராமத்து யுவதி ஒருத்தி மணமாகாமல் குழந்தை பெற்றபோது, பங்குத்தந்தையின் பெயரை அதனுடன் இணைத்து வதந்தி பரப்பினர். அவரது வெளிறிய முகத்துக்கும் ஒட்டிய தேகத்துக்கும் உபவாசமல்ல, ஒழுக்கக்கேடே காரணம் என்று பேசினர். இவற்றுக்கு அவர் பதில் கூறவில்லை. ஆனால் உள்ளுக்குள் உடைந்து போயிருந்தார்.

எனினும், 1820இல் அவரைச் சால் என்னும் வேறொரு பங்குக்கு மாற்ற மறைமாவட்டம் தீர்மானித்தபோது ஓர் அதிசயம் நிகழ்ந்தது. சோன் நதியில் பெருவெள்ளம் ஏற்பட்டதால் அவரால் அக்கரைக்குச் செல்ல இயலவில்லை. அதற்கிடையே கிராம முதல்வர் உள்ளிட்டோர் மேலிடத்தில் மன்றாடி அந்த மாற்றத்தை இரத்துச் செய்வித்தனர். வந்து இரண்டே ஆண்டுகள். தவறணைப் பிரச்சினை கொதித்துக் கொண்டிருந்த காலம். அவரைத் தூற்றிய அதே கிராமம் அவரை விட்டுக்கொடுக்கவும் மறுத்தது. அடுத்த ஆண்டு ஆர்ஸ் தனிப்பங்காக உயர்த்தப்பட்டது.

1824இல் வியான்னி பெண் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பாடசாலையை ஆரம்பித்தார். தெய்வ பராமரிப்பு இல்லம் என்று அதற்குப் பெயரிட்டார். வெளியூரிலிருந்து ஆசிரியைகளை வரவழைக்காமல், கத்தரின் லசாஞ், பெனுவாத் லார்தே என்னும் இரு கிராமத்து யுவதிகளையே பயிற்றுவித்து அதன் பொறுப்பாளர்களாக்கினார். விரைவிலேயே அது அநாதைச் சிறுமியர் இல்லமாகவும் வளர்ந்தது. ஏறத்தாழ 60 பிள்ளைகள் ஒரே நேரத்தில் அங்கு வாழ்ந்த காலமும் உண்டு. எழுத்து, வாசிப்பு, தையல், சமையல் என்பன கற்பிக்கப்பட்டன. பங்குத்தந்தை நாள்தோறும் முற்பகல் 11 மணிக்கு அங்கு சென்று மறைக்கல்வி கற்பித்தார். நடனமாடிய பெண்களிடம் அத்தனை கடுமை காட்டியவர், கைவிடப்பட்ட பெண் பிள்ளைகளுக்காகப் பிச்சையெடுத்தார் என்பதையும் ஒருங்கே நோக்க வேண்டும். இல்லத்தின் தானியப் பரணில் ஒருமுறை தானியம் தீர்ந்துபோய், பிரார்த்தனையின் பின்னர் அது நிரம்பியிருந்ததாக அக்கிராமத்தார் நம்பினர்.

அயலூர்க் குருமார் சிலர் அவரை ஏளனமாகவே நோக்கினர். இலத்தீன் அறியாத ஒருவரிடம் தமது பங்கு மக்கள் ஆலோசனை பெறச் செல்வதை அவர்களால் பொறுக்க இயலவில்லை. அவரை நீக்கக் கோரி ஆயருக்கு அனுப்பவென ஒரு மனு கைமாறி வந்து, தவறுதலாக அவரது கையையே அடைந்தது. வாசித்துப் பார்த்த வியான்னி, அதிலுள்ளவை உண்மையே என்று தாமும் கையொப்பமிட்டு அனுப்பி வைத்தார். இதனைத் தாழ்மையின் சிகரமாகக் கொள்வோர் உண்டு. தமது தகுதியின்மையை அவர் மெய்யாகவே நம்பினார் என்பதும், அந்த மனு வெற்றி பெறட்டும் என்று விரும்பினார் என்பதுமே எமக்குப் படுகிறது. பெல்லே மறைமாவட்டத்தின் ஆயர் டெவி அவரை ஆர்ஸிலேயே தொடர்ந்து வைத்திருந்தார்.

1820களின் பிற்பகுதியிலிருந்து வெளியூர் மக்கள் வரத் தொடங்கினர். அவர்களை ஈர்த்தது பாவசங்கீர்த்தனமாகும். ஒருவர் தமது பாவங்களைக் குருவானவரிடம் இரகசியமாக எடுத்துரைத்து, அவர் வழியாக இறைமன்னிப்பைப் பெறும் அருட்சாதனம் இது. கேட்டதை எந்த நிலையிலும் குருவானவர் வெளியிடலாகாது. இறைவனிடம் நேரடியாகத் தௌபா செய்யும் முஸ்லிம் வாசகர்களுக்கு இது புதிதாகத் தோன்றலாம். ஆயினும் மனப்பாரத்தை இறக்கி வைக்க மனிதர் படும் தவிப்பு எல்லோருக்கும் பொதுவானதே. வியான்னியிடம் சென்றோர், தாம் சொல்லாமல் மறைத்தவற்றையும் அவர் அறிந்திருந்ததாகச் சாட்சியமளித்தனர். மேடையில் வார்த்தை மறந்தவருக்கு, ஒரு தனிமனிதரின் காதில் சொல்ல வேண்டிய சில வார்த்தைகள் தவறியதில்லை.

1855 அளவில் வருடாந்தம் 20,000 பேர் வரை வந்ததாகக் குறிப்புகள் உண்டு. இறுதி ஆண்டுகளில் தொகை இதனையும் பன்மடங்கு விஞ்சியதாகக் கூறுவோரும் உளர். லியோன் புகையிரத நிலையத்தில் ஆர்ஸ் செல்வோருக்கென எட்டு நாட்கள் செல்லுபடியாகும் பயணச்சீட்டுகள் விற்கப்பட்டன. தமது முறை வருவதற்கு அத்தனை நாட்கள் காத்திருக்க நேர்ந்தமையே இதற்குக் காரணம். நள்ளிரவு ஒரு மணிக்கே தேவாலயத்தைத் திறந்து, நாளொன்றுக்கு 16 மணித்தியாலங்களுக்கும் மேலாகப் பங்குத்தந்தை அந்த மரப்பெட்டியினுள் அமர்ந்திருந்தார். குளிர்காலத்தில் கால்கள் விறைத்தன. கோடையில் மூச்சுத் திணறியது. தவறணைகள் மூடப்பட்ட கிராமத்தில் யாத்திரிகர் விடுதிகள் எழுந்தன. ஆர்ஸ் மக்களின் பொருளாதாரமே அவரைச் சுற்றிச் சுழலத் தொடங்கியது.

இங்கேதான் அந்த உறவு புதியதொரு சிக்கலை அடைந்தது. 230 பேருக்கென அனுப்பப்பட்டவர் இப்போது முழு பிரான்சுக்கும் உரியவராகிவிட்டார். மதிய வேளையில் வீடு வீடாகச் சென்று விளைச்சலைப் பற்றி விசாரிக்க அவருக்கு நேரமில்லை. அநாதைச் சிறுமியருக்கு நடத்திய மறைக்கல்வி வகுப்பு, யாத்திரிகர் நெரிசலால் தேவாலயத்துக்கு மாற்றப்பட்டது. 1847இல் மேலிடத்தின் வற்புறுத்தலால் தெய்வ பராமரிப்பு இல்லம் அருட்சகோதரிகளிடம் கையளிக்கப்பட்டது. இல்லத்தை ஒழுங்காக நடத்தவில்லை என்ற குற்றச்சாட்டு அதற்கு முன்னோடியாக அமைந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சம்பளமின்றி உழைத்த கத்தரின் லசாஞ் விலக நேர்ந்தது. வியான்னி கீழ்ப்படிந்தார், ஆனால் அந்தக் காயம் ஆறியதாகத் தெரியவில்லை.

தனிமையான ஓரிடத்தில் தமது பாவங்களுக்காக அழுது வாழ்நாளைக் கழிக்க வேண்டும் என்பதே அவரது நெடுநாள் ஏக்கம். ஆன்மாக்களுக்குப் பொறுப்பான பங்குத்தந்தையாகவே மரணித்து இறைவனின் நியாயாசனத்தின் முன் நிற்க அவர் அஞ்சினார். இவ்வச்சத்தால் அவர் ஆர்ஸை விட்டு ஓட முயன்றது ஒருமுறையன்று. 1843 மே மாதத்தில் கடும் நோயால் மரணத்தின் விளிம்பைத் தொட்டு மீண்ட அவர், செப்டெம்பரில் ஓரிரவு யாருமறியாது புறப்பட்டுத் தாம் பிறந்த டார்டிலிக்குச் சென்றார். செய்தி பரவியதும் யாத்திரிகர் அங்கும் திரண்டனர். ஆயர் அவருக்கு வேறோர் ஆலயத்தை வழங்க முன்வந்தார். அதனைச் சென்று பார்த்தவர், மனம் மாறி ஆர்ஸுக்கே திரும்பினார். மணிகள் ஒலித்தன, கிராமம் முழுவதும் கூடியது. ஒரு வாரம் வெறிச்சோடிக் கிடந்த தெருவில் அவர் நடந்து வந்தபோது மக்கள் அழுதனர்.

1853 செப்டெம்பரில் மீண்டும் அதே முயற்சி. இம்முறை 67 வயது. திட்டம் முன்கூட்டியே கசிந்துவிட்டது. நள்ளிரவில் அவர் புறப்பட்டபோது, புதிய உதவிக் குருவான அருட்தந்தை தொக்கானியேயும் பிறரும் வழிமறித்தனர். அபாய மணி ஒலித்தது. தீ என்றும் திருடர் என்றும் எண்ணிக் கிராமத்தவர் கையில் கிடைத்த ஆயுதங்களுடன் ஓடிவந்தனர். வந்து பார்த்தால், தப்பியோட முயன்றவர் தமது பங்குத்தந்தை! யாத்திரிகர் அவரைச் சூழ்ந்து முழந்தாளிட்டு, தமது பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கும்படி மன்றாடினர். சற்றுத் தயங்கி நின்ற அவர், தேவாலயத்தினுள் சென்று வழமையான இடத்தில் அமர்ந்துகொண்டார். அந்த நள்ளிரவில் மணிக்கயிற்றை இழுத்த கைகளில் அன்பு எவ்வளவு, அச்சம் எவ்வளவு, விடுதி வருமானம் எவ்வளவு என்று பிரித்தறிய எவராலும் இயலாது. மூன்றும் கலந்திருந்தன என்பதே நியாயமான கணிப்பு. ஒரு காலத்தில் கதவில் அசுத்தம் பூசி விரட்ட முயன்ற கிராமம், இப்போது அவரைப் போகவிடாமல் காவல் காத்தது.

இதற்கிடையில் உலகக் கௌரவங்களும் தேடி வந்தன. 1852இல் கௌரவ கனன் பட்டத்துடன் அணிவிக்கப்பட்ட தோளாடையை 50 பிராங்குக்கு விற்று ஏழைகளுக்கான பணிக்குக் கொடுத்தார். 1855இல் மூன்றாம் நெப்போலியனின் அரசு அவருக்கு லீஜியன் ஒவ் ஹொனர் விருதை வழங்கியது. முதலாம் நெப்போலியனின் படையிலிருந்து மறைந்தோடிய ஒருவருக்கு அவ்வம்சத்தின் பேரரசரே வீரப் பதக்கம் அளித்த விநோதம் இது. பதக்கத்தை அவர் அணியவேயில்லை. அருட்தந்தை தொக்கானியேயிடம் கொடுத்துவிட்டார்.

1859ஆம் ஆண்டின் ஜூலை மாதம் தாங்கொணா வெப்பத்துடன் வந்தது. மாத இறுதியில், நாள் முழுவதும் பாவசங்கீர்த்தனம் கேட்டுத் திரும்பிய வியான்னி மறுநாள் எழ முடியாது படுக்கையிற் சாய்ந்தார். இனித் தப்பியோட அவர் முயலவில்லை. யாத்திரிகர் தெருவில் முழந்தாளிட்டுக் காத்திருக்க, ஆர்ஸ் கிராமத்தவர் ஏணிகளை வைத்து ஏறிப் பங்கு இல்லத்தின் மீது துணிகளை விரித்து, வெப்பம் உள்ளே இறங்காதிருக்க அவற்றுக்கு இடைவிடாது நீர் வார்த்தனர். ஓகஸ்ட் 4ஆம் திகதி அதிகாலை 2 மணியளவில், தமது 73ஆவது வயதில், ஆர்ஸின் பங்குத்தந்தையாகவே அவர் காலமானார். மூடுபனியில் வழிகாட்டிய இடையச் சிறுவன் அந்த்வான் ஜிவ்ர் அப்போது ஐம்பது வயதை நெருங்கியிருந்தார். பங்குத்தந்தையை அடக்கம் செய்த சில நாட்களில் அவரும் மறைந்தார்.